டாங்கியில் கரண்டே இல்லை, பிறகு எதற்கு எர்த்? – கப்பல்கள் கற்ற பாடம்



போன மாதம் கலங்கரை விளக்கங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பினார். அவர் இப்போது வளைகுடாவில் படகுப் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை பார்க்கிறார். "சார், இங்கே பெட்ரோல் போட்டில் டாங்கியையும், மேலே எண்ணெய் ஊற்றும் மூடியையும் பச்சை வயர் போட்டு எர்த் பண்ணச் சொல்றாங்க. டாங்கியில் கரண்டே இல்லையே, எதுக்கு சார்?"

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பச்சை வயருக்குப் பின்னால் 250 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதில் மின்னல் இருக்கிறது, துரு இருக்கிறது, வெடித்துப்போன கப்பல்கள் இருக்கின்றன. கடலோரத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் பலருக்கும் இது உதவும் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

1. முதல் எதிரி: மின்னல்

மரக்கப்பல் காலத்திலிருந்து தொடங்குவோம். நடுக்கடலில் சுற்றிலும் தண்ணீர். அதில் உயரமாக நிற்பது பாய்மரம் ஒன்றுதான். மின்னல் அதைத்தான் தேடி வரும். மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. மின்னல் பாயும்போது மரத்துக்குள் இருக்கிற ஈரம் நொடியில் ஆவியாகி, மரத்தையே உள்ளிருந்து பிளந்துவிடும். போர்க்கப்பலாக இருந்தால் அடித்தளத்தில் வெடிமருந்து அறை வேறு இருக்கும்.

1798இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரெசிஸ்டன்ஸ், சுமத்ரா அருகே பங்கா நீரிணையில் நங்கூரமிட்டிருந்தபோது வெடித்துச் சிதறியது. மின்னல் வெடிமருந்தைப் பற்றவைத்ததுதான் காரணம் என்று நம்பப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்து ஊர் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. இடிதாங்கி என்றால் என்ன என்று 1798இல் உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. மின்னல் என்பது மின்சாரம்தான் என்பது 1752இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்ட கதையை நாலாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதிலிருந்து மண் வரைக்கும் ஒரு தொடர்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு இது சுலபம். கப்பலுக்கு மண் எங்கே இருக்கிறது? கடல்தான் அதற்கு மண்.

அதனால் பாய்மர உச்சியிலிருந்து ஒரு உலோகச் சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் நுனியைக் கடலில் போட்டார்கள். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் இப்படி ஒரு சங்கிலி இருந்தது. 1770 அக்டோபரில் அவர் பட்டேவியா துறைமுகத்தில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நின்றிருந்தார். இரவில் இடிமழை. பக்கத்தில் நின்ற டச்சுக் கப்பலின் பெரிய பாய்மரத்தை மின்னல் முறித்துப் போட்டது. எண்டெவருக்குச் சேதமில்லை. அப்போதுதான் ஏற்றியிருந்த சங்கிலி தங்களைக் காப்பாற்றியது என்று குக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

'அப்போதுதான் ஏற்றியிருந்த' என்பதைக் கவனியுங்கள். அந்தச் சங்கிலி எப்போதும் மேலே இருக்காது. பெட்டிக்குள் கிடக்கும். மேகம் கறுத்தால் யாராவது பாய்மரத்தில் ஏறி மாட்ட வேண்டும். புயல் நேரத்தில் யார் ஏறுவார்கள்? ஏறினாலும் மின்னல் அவருக்காகக் காத்திருக்குமா? பெட்டிக்குள் இருக்கிற பாதுகாப்பு பாதுகாப்பே அல்ல. தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இதற்கு வழி கண்டவர் வில்லியம் ஸ்நோ ஹாரிஸ். இங்கிலாந்தின் பிளிமத் ஊர்க்காரர். 1791இல் பிறந்தவர். மருத்துவம் படித்து, அந்தத் தொழிலை விட்டுவிட்டு மின்சார ஆராய்ச்சிக்கு வந்தவர். 1820 வாக்கில் அவர் சொன்ன யோசனை இதுதான்: மாட்டிக் கழற்றுகிற சங்கிலி வேண்டாம். பாய்மரத்தின் நீளம் முழுவதும் செம்புப் பட்டையைப் பதித்துவிடுங்கள். அதை அப்படியே கீழே கொண்டுபோய், ஏராவின் வழியாகக் கப்பலுக்கு அடியில் அடித்திருக்கிற செம்புத் தகட்டோடு சேர்த்துவிடுங்கள். யாரும் ஏற வேண்டாம், யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலே இடிதாங்கியாகிவிடும்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? "கம்பி வைத்தால் மின்னலை நாமே கூப்பிட்டது போலாகும்" என்றார்கள். "வெடிமருந்து அறைக்குப் பக்கத்தில் மின்னலை இறக்குவதா?" என்று கேட்டார்கள். ஹாரிஸ் வாதம் செய்ததோடு நிற்கவில்லை. செம்புப் பட்டையைச் சுற்றி வெடிமருந்தை வைத்து, பட்டை வழியாக மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டினார். மருந்து பற்றவில்லை. தடையில்லாத நல்ல பாதை கிடைத்தால் மின்சாரம் பக்கத்தில் தாவாது. பாதை அறுந்திருக்கும் இடத்தில்தான் பொறி பறக்கும். இந்த வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிக்கும் இதுதான் பாடம்.

1830களில் சில கப்பல்களில் சோதனை நடந்தது. அவற்றில் ஒன்று பீகிள். ஆம், சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை உலகம் சுற்றிய அதே கப்பல். பயணத்தில் மின்னலைச் சந்தித்தும் அதன் பாய்மரங்களுக்குச் சேதம் வரவில்லை. அந்தப் பட்டை இல்லாமல் ஏதாவது நேர்ந்திருந்தால் பரிணாமக் கொள்கையின் கதை எப்படிப் போயிருக்குமோ!

ஹாரிஸ் இன்னொரு வேலையும் செய்தார். கடற்படைக் கப்பல்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, எந்தக் கப்பலில் எப்போது மின்னல் விழுந்தது, என்ன நஷ்டம், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டு வெளியிட்டார். கடைசியில் அதிகாரிகளை அசைத்ததில் அந்தப் பட்டியலுக்குப் பெரும் பங்கு உண்டு. இருந்தும் பிரிட்டிஷ் கடற்படை முழுமையாக ஏற்றுக்கொண்டது 1840களில்தான். அதற்குள் ரஷ்யக் கடற்படை முந்திக்கொண்டது. 1847இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. யோசனை சொன்னதற்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 20 வருடங்களுக்கு மேல்!

இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு. கோயில் கலசமே இடிதாங்கி என்று குடும்பக் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. கலசத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் உலோகம் உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து மண்ணுக்குள் வரை அறுபடாத உலோகப் பாதை வேண்டும். அதனால்தான் இன்று பல கோபுரங்களில் கலசத்துக்குப் பக்கத்தில் தனியாக இடிதாங்கி வைத்து, செம்புப் பட்டையைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை கும்பிடும்போது அண்ணாந்து பாருங்கள்.

2. இரண்டாம் எதிரி: அரிப்பு

கப்பலுக்கு அடியில் செம்புத் தகடு என்றேனே, அது அங்கே வந்ததற்குக் காரணம் மின்னல் இல்லை. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவையும் அடியில் ஒட்டும் பாசியையும் தடுக்கத்தான் அது வந்தது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலுக்குச் செம்புக் கவசம் போட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் 1763இல் ஆராய்ந்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. ஆனால் கப்பலைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துப்போயிருந்தன. செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது.

எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியும் ஒரு துத்தநாகத் துண்டும் செருகி மின்கலம் செய்தோமே, அதேதான் இது. இரண்டு வேறு உலோகங்கள், அவை தொடுவதற்கு ஒரு வழி, சுற்றிலும் உப்புநீர். இரண்டில் ஒன்று கரைந்தே தீரும். ஆனால் 1763இல் வோல்டாவின் மின்கலமே இல்லை. அது வந்தது 1800இல். அதனால் காரணம் புரியாமலேயே அனுபவத்தால் சமாளித்தார்கள். இரும்பு ஆணியை விட்டுச் செம்புக் கலவை ஆணிக்கு மாறினார்கள்.

காரணத்தோடு வந்தவர் ஹம்ப்ரி டேவி. செம்புத் தகடும் மெல்லக் கரைகிறதே, அதைத் தடுக்க முடியுமா என்று கடற்படை கேட்டது. 1824இல் டேவி சொன்னார்: செம்போடு ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்துவிடுங்கள். அது தான் கரைந்து செம்பைக் காக்கும். அவருக்கு உதவியாக இருந்தவர் மைக்கேல் பாரடே. சோதனைக்கு எடுத்த கப்பல்களில் ஒன்று சமராங். நம் பக்கத்துக் கொச்சியில் கட்டி 1822இல் நீரில் இறக்கிய கப்பல் அது!

சோதனை வெற்றி. செம்பு கரையவில்லை. ஆனால் விதியைப் பாருங்கள். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் அதன் நஞ்சு பாசியையும் கொட்டலசுகளையும் விரட்டிக்கொண்டிருந்தது. கரைவது நின்றதும் அவை குஷியாக ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையையே கைவிட்டது. டேவியின் விஞ்ஞானம் சரி. ஆனால் ஒரு நோய்க்கான மருந்து இன்னொரு நோயைத் திறந்துவிட்டது.

அவருடைய யோசனை வீண் போகவில்லை. இன்று இரும்புக் கப்பலின் அடியிலும், விசைப்படகின் சுக்கானிலும், அவுட்போர்டு எஞ்சினின் காலிலும் திருகியிருக்கிற துத்தநாகக் கட்டி டேவியின் வாரிசுதான். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. படகில் உள்ள உலோகங்களையெல்லாம் ஒரே வயரால் இணைத்து எர்த் செய்யும்போது, தண்ணீருக்குள் இருக்கிற உலோகங்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அப்போது எது கரைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் கடல் தீர்மானிக்கும். அதற்குத்தான் அந்தத் துத்தநாகம். அதற்குப் பெயிண்ட் அடித்து மூடிவிடாதீர்கள். கரைவதற்காகவே அது இருக்கிறது.

3. மூன்றாம் எதிரி: கண்ணுக்குத் தெரியாத ஆவி

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே இறங்கி ரோட்டில் கலைந்துபோகும். படகில் கசிந்தால் எங்கே போகும்? படகு என்பதே ஒரு கிண்ணம்தானே! அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அங்கேதான் பேட்டரியும், தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் இருக்கும்.

காற்றில் 100க்கு ஒன்றரைப் பங்கு அளவில் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றும். பற்றவைக்க வேண்டிய பொறியோ மிகச் சிறியது. கால் மில்லிஜூல் போதும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் 'சுரீர்' என்று ஒரு அடி விழுமே, அதைவிடச் சின்னப் பொறியே போதும்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் லெக்சிங்டன். 1942 மே 8, பவளக் கடல் போர். டார்பிடோ தாக்கியும் கப்பல் மூழ்கவில்லை. தீயை அணைத்தார்கள், விமானங்களைத் திரும்ப ஏற்றினார்கள். ஆபத்து நீங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் விமான பெட்ரோல் டாங்கிகளில் விழுந்த விரிசல் வழியாக ஆவி உள்ளே பரவிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மின்மோட்டாரின் பொறி அதைப் பற்றவைத்தது. வெடிப்பு மேல் வெடிப்பு. மாலையில் கப்பலைத் தாங்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சின்னப் படகுகளிலும் இதே கதைதான், சிறிய அளவில். அமெரிக்கா 1940லேயே மோட்டார் படகுச் சட்டத்தில் எஞ்சின் அறைக்குக் காற்றோட்டம் கட்டாயம் என்றது. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் இரண்டு புதுமைகள் வந்தன: கண்ணாடியிழைப் படகு, ரப்பர் குழாய். நம் ஊரில் ஃபைபர் போட் என்கிறோமே, அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் அது நிறைந்துவிட்டது.

இரும்புப் படகில் டாங்கி, குழாய், உடம்பு எல்லாம் உலோகம். எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கடலையும் தொட்டுக்கொண்டு இருக்கும். ஃபைபர் படகில் அப்படி இல்லை. மேலே உலோக மூடி, நடுவில் ரப்பர் குழாய், கீழே உலோக டாங்கி. ஃபைபரும் ரப்பரும் மின்சாரத்தைக் கடத்தாது. மூடியும் டாங்கியும் இரண்டு தீவுகள்.

இப்போது அதில் பெட்ரோலை ஊற்றுங்கள். தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கினோமே, அது நினைவிருக்கிறதா? பெட்ரோலும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத திரவம். குழாய்க்குள் வேகமாக ஓடும்போது உரசி மின்னூட்டம் பெறும். அந்த ஊட்டம் டாங்கியில் போய்ச் சேரும். வடிய வழியில்லை. சேரச் சேர அழுத்தம் ஏறும். பெட்ரோல் பம்ப்பின் முனை பக்கத்தில் வந்ததும் ஒரு தாவல். ஆவி குவிந்திருக்கிற அதே வாயில்தான் அந்தப் பொறியும் விழும்.

இதுதான் கேள்விக்குப் பதில். டாங்கியில் கரண்ட் இல்லை என்பது பேட்டரியைப் பொறுத்தவரை சரி. எண்ணெய் ஊற்றும் ஒவ்வொரு முறையும் நாமே அங்கே கரண்ட் உற்பத்தி செய்கிறோம். பச்சை வயர் அந்த இரண்டு தீவுகளுக்கும் பாலம். மூடியும் டாங்கியும் எஞ்சினும் ஒரே மட்டத்தில் இருந்தால் தாவுவதற்கு இடைவெளியே இல்லை. ஹாரிஸ் காட்டிய அதே பாடம்: பாதை அறுபடாமல் இருந்தால் பொறி இல்லை. 1970களில் வந்த அமெரிக்கப் படகு விதி, எண்ணெய் ஊற்றும் அமைப்பிலும் டாங்கியிலும் எண்ணெய் படும் ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் எர்த்துக்கும் இடையே தடை 100 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது.

4. 1969 டிசம்பர்: மூன்று கப்பல்கள்

பெரிய கம்பெனி, பெரிய கப்பல், பெரிய இன்ஜினியர்கள் என்றால் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம்.

1969 டிசம்பரில், மூன்று வாரத்துக்குள் மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன: மர்ப்பெசா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் ஏழு. ஒவ்வொன்றும் 2 லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கக்கூடியவை. மர்ப்பெசா தன் முதல் பயணத்தில் எண்ணெயை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் மூழ்கியே போனது. மூன்றிலும் டாங்கி காலி. மூன்றிலும் அப்போது ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது. கடல்நீரைப் பீய்ச்சி டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றினால் தீ எப்படி வரும்? ஆராய்ச்சியில் தெரிந்தது இது. வேகமான தண்ணீர்த் தாரை சுவரில் மோதிச் சிதறும்போது மின்னூட்டம் பெற்ற பனிமூட்டம் உண்டாகிறது. கோயில் மண்டபம் போன்ற அந்தப் பெரிய டாங்கிக்குள் ஒரு குட்டி இடிமேகம்! அதற்குள் விழும் தண்ணீர்க் கட்டிகள் அந்த ஊட்டத்தைத் தாங்கி, உலோகத்தை நெருங்கும்போது பொறி விடலாம். காலி டாங்கியில் எண்ணெய் இல்லை, ஆனால் ஆவி நிறைய இருந்தது. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்து.

இங்கே எர்த் கம்பி மட்டும் போதவில்லை. காற்றில் மிதக்கிற தண்ணீருக்கு எப்படி வயர் கட்டுவது? அதனால் வேறு வழி கண்டார்கள். எரிந்து முடிந்த புகையைச் சுத்தப்படுத்தி டாங்கிக்குள் நிரப்பி, ஆக்ஸிஜனை 100க்கு 8 பங்குக்குக் கீழே கொண்டுவந்தார்கள். பொறி வந்தாலும் எரிய வழியில்லை. 1970களின் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் மூலம் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இது கட்டாயமானது.

5. நாம் செய்ய வேண்டியவை

வயரிங் வேலை செய்கிறவர்களுக்கு: எர்த் என்று ஒரே பெயரில் மூன்று வேலைகள் இருக்கின்றன. உரசலால் வரும் ஊட்டத்தை வடிக்க மெல்லிய வயரே போதும். பேட்டரியின் நெகட்டிவ், முழுக் கரண்டையும் தாங்க வேண்டிய தடித்த வயர். மின்னலுக்கு அதைவிடத் தடித்த செம்பு, வளைவு குறைவான பாதையில். மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டாதீர்கள். டாங்கியின் பச்சை வயரை பல்புக்கும் பம்ப்புக்கும் ரிட்டர்ன் வயராகப் பயன்படுத்தவே கூடாது. அந்த வயரைக் குழாய்க்கும் கிளிப்புக்கும் நடுவில் செருகாதீர்கள், அந்த இடத்தில் எண்ணெய் கசியும். உப்புக் காற்றில் முனைகள் பூத்துவிடும். அவ்வப்போது சுரண்டிச் சுத்தம் செய்து, மீட்டர் வைத்துத் தடையைப் பாருங்கள்.

படகு ஓட்டுகிறவர்களுக்கு: டீசலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் அவுட்போர்டு எஞ்சினுக்குப் பெட்ரோல் வைத்திருப்பீர்கள். அந்தக் கேனைப் படகிலோ, பிளாஸ்டிக் விரித்த வண்டியிலோ வைத்து நிரப்பாதீர்கள். கீழே இறக்கித் தரையில் வையுங்கள். பம்ப் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும்போது எஞ்சின், அடுப்பு, பீடி எல்லாம் அணைந்திருக்கட்டும். ஊற்றி முடித்து, மூடிகளைத் திறந்து காற்றோட வைத்து, மூக்கால் மோந்து பார்த்த பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள். எர்த் கம்பி பொறியைத் தடுக்கும், கசிவைத் தடுக்காது.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் மாணவர்களுக்கு: நிலைமின்சாரப் பாடத்தைச் சீப்போடும் காகிதத்தோடும் முடித்துவிடாதீர்கள். இந்தக் கப்பல்களையும் சொல்லுங்கள். எலுமிச்சம்பழ மின்கலம் செய்யும்போது அலாரம் கப்பலின் ஆணியைச் சொல்லுங்கள். தேர்வுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் நாளைக்குக் கடலுக்குப் போவான்.

படகுத் துறையிலோ கப்பலிலோ வேலை செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை. கடலில் தொழில் செய்யும் உறவினர்கள் யாருக்காவது இது பயன்படும் என்றால் அனுப்பி வையுங்கள். அடுத்த மாதம் திசைகாட்டியைப் பற்றி எழுத எண்ணம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்